விரலில் வைத்த மை

தென்காசி,
3 டிசம்பர் 2025

அன்புள்ள மதினிக்கு,

பொன்செல்வி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட வேண்டாம். முழுதும் வாசித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் ஸ்டான்லியின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை வந்து வார்டு வாசலில் நின்றேன். மூன்று முறையும் "பிள்ள ஒறங்குதா, போயிட்டு வா" என்று வாசலை மறித்துக்கொண்டு சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் தபால்தலை வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோமுவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள் என்று அண்ணன் ராஜஸ்தானிலிருந்து பேசும்போது சொன்னார். வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் வரவில்லை என்றார். அதோடு லைனை வைத்துவிட்டார். பதினொரு வயதுப் பிள்ளை. வகுப்பில் வாயே மூட மாட்டாள் என்று டீச்சரிடம் எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறாள். காலையிலும் சாயங்காலமும் அவள் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி விடுங்கள் மதினி. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள். என் மேல் உள்ள கோபத்தில் நான் சொல்வதைச் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் மேலத்தெருவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. "ஊசி போட்டதுனாலதான் நிர்மலா மவளுக்கு மூளக்காய்ச்சல் வந்துட்டு" என்கிறார்கள். ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் போட்ட மூளைக்காய்ச்சல் தடுப்பூசி முகாமில் விடுபட்ட பிள்ளைகள் உங்கள் தெருவில் மட்டும் பதினொரு பேர். கோமுவின் தம்பி சபரியும் அதில் ஒருவன். போன வாரம் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில்கூட உள்ளே விடவில்லை. வடிவம்மாள் அக்கா என் தடுப்பூசிப் பெட்டியைக் காட்டி, "அந்தச் சனியன இங்கன கொண்டாராத. ஒங்க அண்ணன் மவளக் கெடுத்தது காணாதா?" என்று கேட்டாள். அவளுக்கு மூன்று வயதில் பேரன் இருக்கிறான்.

வயலெல்லாம் தண்ணீர் கட்டிப் பிசான நடவு முடிந்திருக்கிறது. குளத்தில் கொக்குக் கூட்டம், குளத்துக்குக் கீழே பன்றிகள். அவற்றின் ரத்தத்திலிருந்து கொசு தூக்கிக்கொண்டு வருகிற நோய் இது. ஊசியால் வருவது இல்லை. நான் யாரிடம் சொன்னாலும் "அப்ப கோமுவுக்கு எப்படி வந்துச்சு?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

கோமுவுக்கு ஊசி போட்டோமா இல்லையா என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும் மதினி.

இப்படிக்கு,
பொன்செல்வி

மேலத்தெரு,
9 டிசம்பர் 2025

பொன்செல்விக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. இருமுடிப் பை தைக்கிற அவசரத்தில் மெஷின் மேலேயே மூன்று நாள் கிடந்தது. சபரிமலை சீசன், குற்றாலத்துக் கடைக்காரர்கள் பை கேட்டு நச்சரிக்கிறார்கள். பிள்ளை படுத்துவிட்டாள் என்பதற்காக யாருடைய மாலையும் காத்திருக்காது.

உட்கார்ந்து பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். என்ன பேச வேண்டும் என்பதை மட்டும் பக்குவமாக விட்டுவிட்டாய். சர்க்கார் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாக வருகிறது. என் பிள்ளைக்கு விரல் மடக்கி விடுவது எப்படி என்று எனக்குப் பாடம் வேறு. நாற்பத்தெட்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

தீபாவளிக்கு மறுநாள் அவள் "தல வலிக்கும்மா" என்றாள். தைலம் தேய்த்துவிட்டுப் பாயில் படுக்கச் சொன்னேன். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவள் குழாயடியில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தாள். தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம். அதற்கும் திட்டு வாங்கினேன்.

முதுகில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு ஜப்பான் காய்ச்சல் என்றார்கள். ஜப்பானுக்கும் எங்கள் மேலத்தெருவுக்கும் என்ன சம்பந்தமோ. பெரிய டாக்டர், "இதுக்கு ஊசி போட்டிருக்கா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் செல்போனில் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட் ஏழாம் தேதி போட்டிருக்கு சார்" என்றார். நீ ஏற்றி வைத்த பதிவு. லீவில் வந்து இறங்கிய உன் அண்ணன் என் பக்கத்தில் நின்றார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நீ என்ன செய்தாய் என்பதை உன் கையால் எழுது. போனில் சொன்னால் நாளைக்கு மாற்றிச் சொல்வாய். காகிதம் என் பீரோவில் இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம், பேசுவதா வேண்டாமா என்று.

நிர்மலாதேவி

தென்காசி,
14 டிசம்பர் 2025

மதினிக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். அய்யப்ப சாமிமார் கூட்டத்துக்காகக் குற்றாலத்தில் காய்ச்சல் முகாம் போட்டிருக்கிறார்கள். அருவிச் சத்தத்தில் ஒவ்வொருவரிடமும் கத்திக் கத்திப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்டான்லி சர்ச்சுக்குப் போயிருக்கிறார். நான் போகவில்லை. இதை எழுதாமல் அங்கே போய் உட்கார மனம் வரவில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஆடிச் செவ்வாய், முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். முளைப்பாரி எடுக்கிற பிள்ளைகளில் கோமுவும் ஒருத்தி. கையில் மஞ்சள் நூல் கட்டினால் கொடை முடிந்து அவிழ்க்கிற வரை விரதம். ஏழாம் தேதி வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். ஆறாம் வகுப்பு வரிசையில் கோமு நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் மெஷினிலிருந்து எழுந்த கோலத்தில், சேலையெல்லாம் நூல் பிசிறோடு வேகமாக வந்து என்னை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

"செல்வி, காப்புக் கட்டுன ஒடம்புல இரும்பு படக் கூடாது. கொட முடிஞ்சு காப்ப அவுத்ததும் நீயே வீட்டுக்கு வந்து போட்டுரு. இப்ப விரல்ல மைய மட்டும் வச்சு விடு. இல்லேன்னா வாத்தியாருமாரு நூறு கேள்வி கேப்பாவ" என்றீர்கள். வார்த்தை பிசகாமல் எழுதியிருக்கிறேன். பிசகியிருந்தால் நீங்களே திருத்துங்கள்.

ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அடையாளமாக இடது கட்டைவிரல் நகத்தில் மை வைப்போம். கோமுவுக்கு மை மட்டும் வைத்தேன். மை வைத்துவிட்டுப் பெயரை விட முடியாது. அதனால் பதிவேட்டில் "போடப்பட்டது" என்றும் எழுதினேன். கோமு என் முகத்தைப் பார்த்து, "போடாமலேயா அத்த?" என்று கேட்டாள். "யார்ட்டயும் சொல்லாதட்டி, கொட முடிஞ்சதும் போடுதேன்" என்றேன். பெரிய ரகசியம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டு ஓடினாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் "செல்வி" என்று சொல்லிவிட்டார்கள் என்ற பூரிப்பில் பதினான்கு வருஷம் பார்த்த வேலையை மறந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி கொடை. தேங்காய், பழம், வளையல், கோமுவுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை எல்லாம் வைத்துத் தட்டு கொண்டு வந்தேன். நீங்கள் ஒரு கையால் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "வேதக்காரி வீட்டுத் தட்டு அம்மனுக்கு ஆவாது" என்றீர்கள். ஊரே பார்த்தது. குலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஐந்து நாளுக்கு முன்னால் பொய்யாக மை வைப்பதற்கு என் கை ஆயிற்று. தட்டுக்கு ஆகவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்கு வர எனக்குக் கால் எழவில்லை. ஆகஸ்ட் இருபதாம் தேதி, புதன்கிழமை, விடுபட்ட பிள்ளைகளுக்குத் துணை சுகாதார நிலையத்தில் வைத்துப் போட்டோம். நீங்களும் அவளைக் கூட்டி வரவில்லை. பதிவில் "போடப்பட்டது" என்று இருந்ததால் வேறு யாரும் அவளைத் தேடவில்லை. போட்டிருந்தால் நோய் வந்தே இருக்காது என்று சத்தியம் பண்ண மாட்டேன், எந்த ஊசிக்கும் அப்படிச் சத்தியம் பண்ண முடியாது. வராமல் இருக்கத்தான் பெரும்பாலும் வாய்ப்பு. அந்த வாய்ப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் சுகாதார நிலைய டாக்டரிடம் இதைச் சொல்லப் போகிறேன். ஆனால் நான் சொன்னால் தெரு நம்பாது மதினி, வேலையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள். நீங்கள் சொன்னால் நம்பும். "எம் மவளுக்கு ஊசியே போடல" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பதினொரு பிள்ளைகளும் மறுநாளே வந்துவிடுவார்கள். உங்கள் சபரியையாவது முதலில் கூட்டி வாருங்கள். ஆகஸ்டில் அவனுக்குச் சளிக்காய்ச்சல் என்று விட்டோம். மூன்றரை வயது. அதே வீடு, அதே கொசு.

பொன்செல்வி

மேலத்தெரு,
29 டிசம்பர் 2025

பொன்செல்விக்கு,

வார்த்தை பிசகவில்லை. உனக்கு ஞாபகசக்தி நல்லது. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். நான் கேட்டபோது "அது கூடாது மதினி" என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பிளஸ் டூ படித்துவிட்டு ரவிக்கை தைக்கிறவள். நீ வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஊருக்குப் புத்தி சொல்கிறவள். சொல்லியிருக்க வேண்டியது யார்?

காப்புக் கட்டின உடம்பில் இரும்பு படக் கூடாது என்பது யார் வீட்டு வழக்கம் என்று நினைக்கிறாய்? செங்கோட்டைப் பக்கம் என் அம்மா வீட்டில் அப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லை. இந்த வீட்டுக்கு வந்த வருஷம் உன்னைப் பெற்றவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. நீ அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாய். நான் அதைக் கட்டிக் காத்தேன். எட்டு நாள் இரும்பு படாமல் காத்த உடம்பில் முப்பத்திரண்டு நாள் குத்தாத இடம் இல்லை. இரண்டு புறங்கையும் கறுத்து வீங்கி, கடைசியில் பாதத்தில் நரம்பு தேடினார்கள். அப்போது உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். உன்னையும்.

டாக்டரிடம் சொல்வதானால் சொல்லிக்கொள். தெருவில் நான் சொல்ல மாட்டேன். என்னவென்று சொல்ல? என் மகளுக்கு ஊசி வேண்டாம் என்று நானே போய் நிறுத்தினேன் என்றா? உன் அண்ணனுக்குத் தெரிந்தால் அதற்கப்புறம் என் முகத்தில் முழிப்பாரா? மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பழியைப் பங்கு போட்டுக்கொள்ள இந்த வீட்டில் வேறு ஆளும் இல்லை. இப்போது தெருவே என் வீட்டுக்கு வருகிறது. வடிவம்மாள் நாள் தவறாமல் கஞ்சி கொண்டு வருகிறாள். "பாவம் நிர்மலா" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். அதையும் பிடுங்கிவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது?

கோமு எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள். யார் வீட்டுக்கு வந்தாலும் இடது கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டுகிறாள். வலது கைதான் வராது, இடது கை நன்றாக இருக்கிறது. வருகிறவர்கள் முகத்துக்கு நேரே விரலை நீட்டித் தொண்டையில் ஏதோ சத்தம் போடுகிறாள். மை எப்போதோ அழிந்துவிட்டது. "பாத்தியளா, ஊசி போட்ட அன்னைக்கு வச்ச மையத்தான் பிள்ள காட்டுதா. ஊசிதான் காரணம்னு சொல்லுதா" என்று வடிவம்மாள் எல்லோருக்கும் விளக்கம் சொல்கிறாள். பார்த்தவர்கள் அழுதுவிட்டுப் போகிறார்கள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். மைதான் வைத்தார்கள், ஊசி போடவில்லை என்று சொல்கிறாள். நீ யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதை ஆகஸ்டிலிருந்து காப்பாற்றினவள், இப்போது சொல்ல நினைக்கிறாள், வாய் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் நீட்டின கையைப் பிடித்து மடியில் வைத்துவிடுகிறேன். திரும்பவும் நீட்டுகிறாள்.

சபரிக்குப் போட மாட்டேன். இந்தப் பேச்சை இத்தோடு விடு.

நிர்மலாதேவி

தென்காசி,
18 ஜனவரி 2026

மதினிக்கு,

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். போடாத ஊசியைப் போட்டதாக எழுதினேன் என்று மட்டும் எழுதினேன், உங்கள் பெயரை அதில் சேர்க்கவில்லை. அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "ஏம்மா இப்படி?" என்று மட்டும் கேட்டார். விசாரணை முடிகிற வரை வெளியே யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். அதனால் தெருவில் என்ன பேச்சு என்று தெரியுமா? "நர்சையே சஸ்பெண்ட் பண்ணிட்டாவல்லா, அப்ப ஊசியிலதான் கோளாறு" என்கிறார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கிற ரஹ்மத் சொன்னாள். நான் உண்மையைச் சொன்னதில் பொய்க்குப் பலம் கூடிவிட்டது.

இதற்காக மட்டும் எழுதவில்லை. ரஹ்மத்திடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது கம்ப்யூட்டரில் விடுபட்டவர் பட்டியலைத் திறந்தேன். மேலத்தெருவில் பதினொன்று இருக்க வேண்டும், பத்துதான் இருந்தது. யார் குறைந்தது என்று பார்த்தேன். சபரிவேலன், தந்தை பெயர் பாண்டிராஜ், ஜனவரி ஏழாம் தேதி, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. இடம், செங்கோட்டைப் பக்கம் உங்கள் அம்மா ஊர் சுகாதார நிலையம். அண்ணனுடைய போன் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் எல்லாம் ஒரே பதிவில் வந்து சேர்ந்துவிட்டது.

நிம்மதியாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நிம்மதிதான். சபரி தப்பித்தான் என்று ரஹ்மத் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில்தான் கோபம் வந்தது. உங்கள் பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் வெளியூரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஊசிதான் காரணம் என்று சொல்கிற வடிவம்மாளின் கஞ்சியை எப்படி மதினி வாங்குகிறீர்கள்? அவள் பேரன் உங்கள் சபரியோடுதான் விளையாடுகிறான். இரண்டு பேரையும் ஒரே கொசுதான் கடிக்கும். போடாத ஊசியைப் போட்டேன் என்று எழுதினது என் பாவம். போட்ட ஊசியை மறைத்தது உங்கள் பாவம். உங்களுடையது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன், இருக்கட்டும். உங்களைப் பழித்துவிட்டு என்னை நல்லவளாக்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். அதை இப்போது எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, புதன்கிழமை, நீங்கள் கோமுவைக் கூட்டி வரவில்லை என்று எழுதியிருந்தேன். அவள் தானாகவே வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு, பையோடு, தனியாக. பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, "காப்பு அவுத்தாச்சு அத்த. ஊசி?" என்றாள். மருந்து இருந்தது. நான் இருந்தேன். இரண்டு நிமிஷ வேலை. எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் நின்றது. "ஒங்க அம்மாவ வந்து கேக்கச் சொல்லு, அப்பப் போடுதேன்" என்றேன். அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டருக்கு எழுதினதில்கூட இதை எழுதவில்லை. ஸ்டான்லிக்கும் தெரியாது. இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

வருகிற ஜனவரி இருபத்தாறு, குடியரசு தினத்தன்று, பள்ளிக்கூடத்தில் கிராம சபைக் கூட்டம். நான் வந்தால் அடிக்க வருவார்கள். என் கடிதங்கள் உங்கள் பீரோவில் இருக்கின்றன. வாசித்தால் வாசியுங்கள், எரித்தால் எரியுங்கள். இனி எழுத மாட்டேன்.

பொன்செல்வி

மேலத்தெரு,
29 ஜனவரி 2026

பொன்செல்விக்கு,

நீ எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். நான் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அதோடு முடிந்தது.

சபரியைக் கொண்டுபோய்ப் போட்டது நிஜம். உன் கடிதத்தில் "அதே வீடு, அதே கொசு" என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் அவன் உடம்பு லேசாகச் சுட்டாலும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாட்டேன் என்று உனக்கு எழுதிவிட்டு ஒன்பதாம் நாள் பஸ் ஏறினேன். அங்கே விரலில் மை வைக்க வந்தார்கள். "வேண்டாம், பிள்ள வாயில வச்சுருவான்" என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் உன் அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும், "காப்பு நூலு எங்கட்டி கெடக்கு இப்ப?" என்று கேட்டார். தெரியவில்லை, எங்கேயாவது குப்பையில் போயிருக்கும் என்றேன். லைன் துண்டாகிவிட்டது. நாலு நாளாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

கோமுவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். சபரி என் இடுப்பில். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து, குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்ததும் எழுந்தேன். சுகாதாரம் பற்றிப் பேச வேண்டும் என்றதும் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். உன் கடிதங்களை ஒன்றிலிருந்து வாசித்தேன். நான் உன்னிடம் வராந்தாவில் சொன்னதையும் வாசித்தேன். தட்டைத் தள்ளினதையும் வாசித்தேன். செங்கோட்டைக்குப் போனதையும் வாசித்தேன். எதையும் தாண்டிப் போகவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னேன். அந்தப் புதன்கிழமை கோமு உன்னிடமிருந்து நேராக வீட்டுக்குத்தான் வந்தாள். "அத்த ஒன்னய வந்து கேக்கச் சொன்னாவம்மா" என்றாள். நான் மெஷினை நிறுத்தாமலேயே, "அவ வாசல்ல போயி நான் நிக்கணுமாக்கும்? ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் போ" என்றேன். நீ ஒரு வாசலில் திருப்பி அனுப்பினாய், நான் இன்னொரு வாசலில் திருப்பி அனுப்பினேன். நடுவில் அந்தப் பிள்ளை ஒரு மைல் நடந்திருக்கிறது.

வடிவம்மாள்தான் முதலில் எழுந்தாள். "ஒம் பிள்ளைக்கு மட்டும் தெரியாம போட்டுட்டு எங்க பிள்ளையளச் சாவக் குடுக்கப் பாத்தியாட்டி? நாங் கொண்டாந்த கஞ்சி எப்படிட்டி ஒனக்கு எறங்குச்சு?" என்று கேட்டுவிட்டு என் முன்னால் காறித் துப்பினாள். நீ கேட்ட அதே கேள்வி. அன்றிலிருந்து என் வாசலில் யாரும் கால் வைப்பதில்லை. ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தவர்கள் துணியைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள்.

நேற்றுப் புதன்கிழமை ரஹ்மத் வந்தாள். பத்துப் பேரில் ஒன்பது பேர் போட்டுக்கொண்டார்கள். வடிவம்மாள் பேரன் மட்டும் வரவில்லை. அவளுக்கு இப்போது ஊசி மேல் கோபம் இல்லை, நான் சொன்னதைச் செய்யக் கூடாது என்கிற கோபம். அவளிடம் நீ போய்ப் பேசு. உன்னை அடித்தாலும் வாங்கிக்கொண்டு பேசு. வேலை இல்லாதவள்தானே, நேரம் இருக்கும்.

இதனால் நமக்குள் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்துவிடாதே. உன்னைப் பார்த்தால் எனக்கு என் முகம் தெரிகிறது. பச்சைப் பாவாடை இன்னும் வைத்திருந்தால் யாருக்காவது கொடுத்துவிடு.

கோமுவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கூட்டத்தில் உட்கார வைத்ததிலிருந்து அவள் எல்லோரையும் பார்த்து இடது கட்டைவிரலை நீட்டியபடியே இருந்தாள். இறக்கவே இல்லை. "கோமுவுக்கு மை மட்டும் வைத்தேன்" என்று நீ எழுதின வரியை நான் மைக்கில் வாசித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் யாரிடமும் அவள் விரலைக் காட்டவில்லை.

நிர்மலாதேவி